வார்த்தையைத் தொடாதவர்

ஒருவர் பேசும்போது தலையாட்டாமல் கேட்க உங்களால் முடியுமா? வீட்டில் முயன்று பாருங்கள். நான் என் மனைவியிடம் முயன்றேன். இரண்டாவது நிமிடமே, "என்னா, கழுத்து சுளுக்கா?" என்று கேட்டுவிட்டாள். தலையாட்டாமல், "அப்படியா" சொல்லாமல், உச்சுக்கொட்டாமல், எதிரே இருப்பவர் வாயையே பார்த்துக்கொண்டு கேட்கத் தெரிந்த ஒரே ஓர் ஆளை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குச் செத்துவிடுவோமோ என்று தினமும் இரண்டு வேளை பயந்துகொண்டிருந்த வயதில், போயும் போயும் அவரிடம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

மலாக்காவில், காஜா பெராங்கில் அவரை எல்லாரும் 'எழுதுறம்மா' என்றார்கள். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலைக்கு, முந்தைய வருடம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர். ஐம்பது வயது இருக்கும். சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை, மூக்குக் கண்ணாடி, காதுக்குப் பின்னால் ஒன்று, கையில் ஒன்று என்று எப்போதும் இரண்டு பென்சில். ஊரில் பல வருடம் மனநோய் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்திருக்கிறார். ஆனால் டாக்டர் இல்லை. மருந்து தரமாட்டார், நாடி பிடிக்கமாட்டார். "பயம்னா என்னன்னு டாக்டருங்க எழுதிட்டாங்க. பயந்தவங்க என்ன சொல்றாங்கன்னு யாரும் முழுசா எழுதல," என்பார். தன்னைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டது அவ்வளவுதான்.

அவர் குடியிருந்தது ஒரு செட்டி வீட்டு மாடியில். மலாக்கா செட்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கோயிலுக்குப் போனால் அவர்கள் தமிழர்கள், வாயைத் திறந்தால் மலாய்க்காரர்கள். வீட்டுக்கார அம்மாளை நான் மலாய் வழக்கப்படி மாக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவேன். மாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது, எழுதுறம்மாவுக்கு மலாய் தெரியாது. இருவரும் புன்னகையாலும் மிளகாய்ச் சம்பாலாலும் குடும்பம் நடத்தினார்கள். அதனால்தான் மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் கிராணி. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் சும்மா இருப்பவன். ஊரில் எனக்கு நல்ல பெயர். இரண்டு பேர் கூடியிருந்தால் மூன்றாவதாகப் போய் நான்கு பேரைச் சிரிக்க வைப்பேன்.

சேர்ந்த மாதமே பாடம் கிடைத்தது. அவருக்குக் காய்ச்சல் என்று நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, உஜோங் பாசிரில் ஓர் அம்மாளைப் பார்த்து எழுதிவர என்னைத் தனியாக அனுப்பினார். தோட்டத்திலிருந்து வந்து கடலோரத்தில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த தமிழ் அம்மாள். நான் கேட்டு, அழகான கையெழுத்தில் 'மன உளைச்சலால் தூக்கமில்லை' என்று எழுதி வந்தேன். எழுதுறம்மா படித்தார்.

"தம்பி, அந்தம்மா உளைச்சல்னு சொன்னாங்களா?"

"அர்த்தம் அதுதாம்மா."

"அர்த்தத்தை நான் பாத்துக்கறேன். அவங்க என்ன சொன்னாங்க?"

யோசித்தேன். "நெஞ்சுக்குள்ள யாரோ ஈரத்துணியப் போட்டுப் பிழியிறாங்கன்னாங்க."

"அதை எழுதுங்க. எழுதி, அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டிட்டு வாங்க. வார்த்தையைத் தொடாதீங்க."

"இப்பவா?"

"சைக்கிள் இருக்கில்ல?"

எதிர்காற்றில் மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மாள் சிரித்தார். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? ஆமாங்க, பிழியிறாங்க. பிழிஞ்சி உதர்றதும் இல்ல, காயப்போடறதும் இல்ல. கையில வச்சிக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க." பின்பாதி முதலில் சொல்லாதது. வாசித்துக் காட்டியதால் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எழுதுறம்மா பாராட்டவில்லை. ஆறிப்போன தன் கோப்பியை என் பக்கம் நகர்த்தினார். அவரிடம் அதுதான் பரிசு.

எழுதியதையெல்லாம் கத்தரிக்கோலால் ஒவ்வொரு பேச்சாக வெட்டுவார். சீட்டில் பெயர் இருக்காது. சொன்னவருக்கு ஓர் எண் மட்டும். பிறகு மாடித் தரையில் பரப்பி, ஒன்றுபோல் இருப்பதை ஒன்றோடு சேர்த்துக் குவியல் போடுவார். சன்னல் திறக்கக்கூடாது, விசிறி சுற்றக்கூடாது. வேர்த்து ஊற்றும். குவியல் பறக்காமலிருக்க மாக்சிக்கின் சொங்காக் என்ற பல்லாங்குழிப் பலகையிலிருந்து சோழிகளை வாங்கி மேலே வைப்பார். "அப்போ நான் எப்போ விளையாடறதாம்? கேளு அவளை," என்பார் மாக்சிக் மலாயில். நான் கேட்கமாட்டேன். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் உண்டு. அதுவும் டாக்டர் புத்தகத்துப் பெயராக இருக்கக்கூடாது, சொன்னவர்களில் ஒருவர் வாயிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். ஒரு குவியல் 'பிழியிறாங்க'. இன்னொன்று 'பின்னாடி யாரோ'.

எதிலும் சேராத சீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின். அந்த டின்னோடுதான் அவர் அதிக நேரம் உட்கார்ந்திருப்பார். செமாபோக்கில் வயதான ஒரு விதவை, "பயம் வர்ற அன்னிக்கு வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கு. வராத அன்னிக்குத்தான் தனியா இருக்கேன்," என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சீட்டுக்காக எழுதுறம்மா மூன்று குவியலைக் கலைத்தார். ஒரு மாத வேலை.

"ஒரே ஒரு கிழவிக்காகவாம்மா?"

"நான் நெனச்சது தப்புன்னு சொல்ல ஒருத்தர் போதும் தம்பி."

எனக்கு அவரைக் கண்டால் பிடிக்கும். பிடிக்கும் என்பதைவிடப் பயம் என்பதுதான் சரி. ஏனென்றால் அவர் தேடி அலைந்த சரக்கு முழுக்க என்னிடம் இருந்தது.

முதல் தடவை அது வந்தது ஆபீசில். குடியுரிமை ஃபாரம் ஒன்றை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். 'முழுப் பெயர்' என்ற இடத்தில் விரல் நின்றது. இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறதென்று நினைத்துக் கால் வைக்க, படி இல்லாமல் போகுமே, அந்த ஒரு கணம். அது கணமாக முடியாமல் கால் மணி நேரம் நீண்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கை இரண்டும் வேறு யாருடையவோ. கக்கூசுக்குப் போய் வாளியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து, என்னைப் பெற்றவளுக்குத் தந்தி யார் அடிப்பார்கள் என்று யோசித்தேன். திரும்பி வந்து, "கோப்பிக்கடைக்காரன் இன்னிக்கு ஆட்டுப்பால் ஊத்திட்டான்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து திங்கட்கிழமை எனக்கு இருதயநோய், புதன்கிழமை மூளையில் கட்டி. வெள்ளிக்கிழமை கொஞ்சம் பரவாயில்லை, வெறும் பைத்தியம்.

பைத்தியம்தான் மற்ற இரண்டையும்விடப் பயங்கரம். அதற்கும் நானே காரணம். ஒருநாள் கோப்பிக்கடையில், "எழுதுறம்மா எதுக்கு எழுதுதுன்னு நெனக்கிறீங்க? பைத்தியத்துக்குக் குடியுரிமை கிடையாதாம். லிஸ்ட் எடுக்குது," என்று ஒரு போடு போட்டேன். நல்ல சிரிப்பு கிடைத்தது. மூன்றாம் நாள் என் வக்கீல் முதலாளி கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கேட்டியாப்பா? பைத்தியம்னு தெரிஞ்சா ஃபாரம் செல்லாதாம். லோரியில ஏத்தி தெற்க உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்களாம். கவர்மெண்டு ஆளே சொன்னானாம்." நான் பெற்ற பிள்ளை, மீசை வைத்துக்கொண்டு என்னிடமே திரும்பி வந்து நின்றது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று ராத்திரி முழுக்க அந்த லோரியின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன். காட்டுக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம் வேறு. யாராவது பென்சிலைத் தீட்டினாலே ஜனங்கள் கதவைச் சாத்திய காலம். எனக்கு வேலை போகும், நான் போட்டிருந்த குடியுரிமை ஃபாரம் போகும், லோரி வரும். ஆகவே யாருக்கும் தெரியக்கூடாது. இந்த ஒன்றுதான் அப்போது என் வாழ்க்கையின் லட்சியம்.

எழுதுறம்மாவிடம் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் மற்றவர்கள் பேச்சு. இன்னொன்றின் அட்டையில் 'என் புத்தி' என்று எழுதியிருந்தார். கேட்கும்போது தனக்குள் என்ன ஓடியது, யார்மேல் எரிச்சல் வந்தது, எதை எதிர்பார்த்துப் போனார் என்பதெல்லாம் அதில். "ரெண்டையும் ஒரே புத்தகத்துல எழுதினா, என் புத்தி அவங்க பேச்சு மாதிரி வேஷம் போட்டுக்கும்," என்பார். ஒருநாள் அவர் கீழே இறங்கியிருந்தபோது அதைத் திறந்து பார்த்தேன். நான் யோக்கியன் என்று எங்கும் சொல்லவில்லையே. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'தம்பி என்னைச் சிரிக்க வைக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன்?'

மூடி வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். மாக்சிக் கீழிருந்து, "முகம் ஏன் சுண்ணாம்பா இருக்கு?" என்றார். "பேயைப் பார்த்தேன் மாக்சிக், கண்ணாடி போட்டிருந்தது," என்றேன். அவர் சிரித்தார். 

மெர்டேக்கா முடிந்து சில மாதங்களில் அவர் கப்பலேறிவிட்டார். புத்தகம் வந்ததா என்று தெரியாது. நான் தேடவும் இல்லை. பயம்தான், வேறென்ன.

இனி, அவர் கப்பலேறும் முன் நடந்தது, மாக்சிக்கின் அண்ணனைப் பற்றி. அதே வீட்டில் கீழ்க்கூடத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குப் போய், எலும்பும் தோலுமாகத் திரும்பியவர். திரும்பிய நாளிலிருந்து சுவரோடு முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே பின்னால் ஆட்கள் நிற்பார்களாம். அவரைப் பாக்சிக், அதாவது மாமா, என்பேன். எழுதுறம்மாவிடம் பேசச் சம்மதித்திருந்தார்.

"பயம் வரும்போது எப்படி இருக்கும்னு கேளுங்க தம்பி."

கேட்டேன். "தாக் அடா," என்றார் பாக்சிக். ஒன்றுமில்லை.

எழுதுறம்மா காத்திருந்தார். அவர் காத்திருப்பது எப்படி என்றால், ஆற்றங்கரையில் கொக்கு. நான் கோமாளி; கோமாளிக்கு மௌனம் ஆகாது. சுவர்க் கடிகாரம் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கடிகாரம் தட்டுகிறதா என் நெஞ்சு தட்டுகிறதா என்று பிரிக்க முடியவில்லை. உள்ளே படி இல்லாமல் போகத் தொடங்கியது. வாயைத் திறந்தேன்.

"இல்லாத படியில கால் வச்ச மாதிரி இருக்குமாம்மா."

எழுதுறம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதினார். "அப்புறம்?"

நான் மலாயில் ஏதோ முனகினேன். பாக்சிக் முழங்காலைச் சொறிந்தார்.

"கை ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி ஆயிடுமாம். இப்பவே செத்துடுவோம்னு தோணுமாம். ஆனா செத்தா யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சிரிப்பாராம்."

சொல்லச் சொல்ல நெஞ்சடிப்பு இறங்கியது. எந்த மருந்துக்கும் இறங்காதது. எனக்கு ருசி பிடித்துவிட்டது. மூன்று சனிக்கிழமை இப்படியே ஓடியது. பாக்சிக் "தாக் அடா" என்று இரண்டு சொல் சொல்வார். நான் தமிழில் கால் மணி நேரம் பேசுவேன். மலாய் ரொம்பச் சுருக்கமான மொழி என்று எழுதுறம்மா நினைத்துக்கொள்வார் என்று நம்பினேன்.

நான்காம் வாரம் மாடியில் ஒரு புதிய குவியல் இருந்தது. பெயர் 'இல்லாத படி'. ஒன்பது சீட்டு, ஒன்பதிலும் பாக்சிக்கின் எண்.

"இதை அவருக்கு வாசிச்சுக் காட்டணும்," என்றார்.

எனக்குத் தெரிந்த வழக்கம்தான். உஜோங் பாசிரில் நானே செய்தது. பொய் சொல்லும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் சைக்கிள் சக்கரம் கோணல். அதற்கடுத்த வாரம், இல்லாத ஓர் அத்தையைச் சாகடித்தேன். பிறகு சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனார்கள்.

போனேன். கீழ்க்கூடத்தில் பாக்சிக் சுவரோடு. எழுதுறம்மா எதிரே. பக்கத்தில் மாக்சிக், அச்சாருக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டு. அவர் காது நன்றாகக் கேட்கும்; முன்போல மலாயில் எதையாவது முனகினால், என்ன உளறுகிறாய் என்று கேட்டுவிடுவார். சீட்டில் இருந்ததை இருந்தபடி மலாயில் வாசித்தேன். நான்காவது சீட்டில் மாக்சிக்கின் கத்தி நின்றது. பாக்சிக் வாசலை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார். ஒன்பதும் முடிந்தது.

பிறகு பாக்சிக் பேசினார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. இது என்னுடையது இல்லை, நான் இதைச் சொல்லவில்லை என்றார். சயாமில் எங்கள் கொட்டகையில் இப்படிச் சொல்பவன் ஒருவன் இருந்தான் என்றார். சாகிறேன் சாகிறேன் என்று தினமும் சொல்வான். இதனால் அவன் சாகவில்லை. காலராவில் செத்தான்.

எழுதுறம்மா பென்சிலைத் தாளில் வைத்தார். "என்ன சொல்றார் தம்பி?"

யோசித்துப் பாருங்கள். அவருக்கு மலாய் தெரியாது. அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. அந்த வீட்டில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன். 'சரிங்கறார்மா' என்று சொன்னால் கதை முடிந்தது. லோரி இல்லை, ஒன்றுமில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாலு முகத்தில் என் முகத்தைத் தவிர மூன்றும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இது தன்னோடது இல்லைங்கறார். தான் சொல்லவே இல்லைங்கறார்." அதோடு விட்டிருக்கலாம். காலராவரைக்கும் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதினார். ஒன்பது சீட்டையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாக்சிக்கின் எண்ணை அடித்தார். அப்படியானால் இது யாருடையது என்று கேட்பார் என்று காத்து நின்றேன். கேட்கவில்லை. அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"மூணு வாரம் அவர் பேசாம இருந்தார். பேசாம இருந்ததும் அவர் சொன்னதுதான் தம்பி. அதுமேல நீங்க சாணி மெழுகிட்டீங்க."

சிரிப்பாக எதையாவது சொல்லப் பார்த்தேன்.  "இனிமே நான் வரவேணாமாம்மா?"

"அடுத்த சனிக்கிழமை வாங்க. அவர் பேசலன்னா நீங்களும் பேசாதீங்க."

இதற்கு லோரியே மேல்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தோம். எழுதுறம்மா அதே கேள்வியைக் கேட்டார். நான் மலாயில் கேட்டேன். "தாக் அடா."

"ஒண்ணுமில்லைங்கறார்," என்றேன். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன்.

தெருவில் ஒரு சைக்கிள் மணி. பின்கட்டில் மாக்சிக் உரலில் மிளகாய் இடிக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. வெயில் தரையில் ஒரு சாண் நகர்ந்தது. எழுதுறம்மா எழுதவுமில்லை, அசையவுமில்லை. அப்போது அது வந்தது. இந்தத் தடவை அதைத் தூக்கிப்போட எனக்கு யாருடைய வாயும் இல்லை. முதுகு நனைந்தது. விரல் நுனியெல்லாம் மரத்தது. எழுந்து ஓடினால் ஓடியது எழுதப்படும், உட்கார்ந்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கீழே கீழே போய்க்கொண்டிருந்தேன்.

பாக்சிக் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. மெதுவாக, அக்கறையாக, மழை வந்துவிட்டதா என்று கேட்பவரைப் போல என்னிடம் கேட்டார்: "சுடா டாத்தாங்?"

"என்ன கேக்கறார் தம்பி?"

"வந்துடுச்சான்னு கேக்கறார்."

"எது?"

"அந்தச் சீட்டுல இருந்தது."

"யாருக்குன்னு கேக்கறார்?"

 வக்கீல், ஃபாரம், லோரி எல்லாம் வரிசையாக வந்து வாசலில் நின்றன.

"எனக்கு."

பென்சில் நகர்ந்தது. நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "கேட்டவர் அவர். முதல்ல அவருக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் எனக்குச் சொல்லுங்க."

நான் பாக்சிக் பக்கம் திரும்பினேன். "சுடா, பாக்சிக்," என்றேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு எழுதுறம்மா பக்கம் திரும்பி, நான் சொன்னதை ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"வந்துடுச்சுங்கறான்மா."